கிர்குக் கைவிட்டுப் போனது வாக்கெடுப்பாலா, அதற்கு முன்பேயா?

கரிசல்மண்:
இன்னொரு இழையில் யாரோ "ஈராக் குர்துகள் 2017இல் அவசரப்பட்டுத் தனி நாடு கேட்டு வாக்கெடுப்பு நடத்தி எல்லாவற்றையும் கெடுத்துக்கொண்டார்கள்" என்று ஒரே வரியில் முடித்திருந்தார். அங்கே பதில் போட்டால் பேச்சு திசை மாறும் என்று தனி இழையாகத் தொடங்குகிறேன்.

2015 முதல் 2018 வரை ஈராக்கின் வடக்கே, குர்துகளின் தன்னாட்சிப் பகுதியான குர்திஸ்தானின் தலைநகர் எர்பிலில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் கணக்கு பார்த்தேன். எங்கள் ஸ்டோரைப் பார்த்துக்கொண்டவர், எர்பிலுக்குத் தெற்கே இருக்கும் எண்ணெய் நகரமான கிர்குக்கைச் சேர்ந்த குர்து, வயது ஐம்பதுக்கு மேல். எல்லாரும் அவரை "காக்கா" என்றுதான் கூப்பிடுவார்கள். குர்து மொழியில் அண்ணன் என்று பொருள். காயல்பட்டினத்துப் பையன் ஒருவன் எங்களோடு வேலை செய்தான், அவன் வீட்டிலும் அண்ணனுக்குக் காக்காதான் என்பதால் முதல் நாளே இருவரும் ஒட்டிக்கொண்டார்கள். 2017 செப்டம்பர் 25, திங்கட்கிழமை, வாக்கெடுப்பு நாள். மாலையில் காக்கா மைக்கறை விரலோடு எங்கள் தங்குமிடத்துக்கு வந்தார். சிறிய கண்ணாடிக் குவளையில் டீ ஊற்றிக் கொடுத்தோம், குடிக்கவே இல்லை, விரலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். வாக்களித்தவர்கள் 72 சதவீதம், அதில் தனி நாடு வேண்டும் என்றவர்கள் கிட்டத்தட்ட 93 சதவீதம். சரியாக மூன்று வாரம் கழித்து அதே திங்கட்கிழமை, அக்டோபர் 16, ஈராக் ராணுவமும் ஷியாக் குழுக்களின் ஹஷ்த் படையும் கிர்குக்கில் நுழைந்தன. சண்டை என்று சொல்லும் அளவுக்குப் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. ஒரே நாளில் நகரம், எண்ணெய் வயல்கள், ஆளுநர் மாளிகை எல்லாம் போய்விட்டன.

என் கேள்வி இதுதான். மூன்று ஆண்டுகள் ஐஎஸ் பயங்கரவாதிகளை எதிர்த்து அந்த நகரத்தைக் காத்த பெஷ்மெர்கா என்ற குர்துப் படையினர் ஒரு பகல் பொழுதில் ஏன் விலகினார்கள்? வாக்கெடுப்பு மட்டுமே காரணம் என்றால் இதற்குப் பதில் கிடைக்காது.

தெற்குவாசல்:
நீங்கள் நேரில் பார்த்தவர், மதிக்கிறேன். ஆனால் சட்டம் என்று ஒன்று இருக்கிறதே. 2005 அரசியலமைப்பை எழுதும்போது குர்துத் தலைவர்களும் உட்கார்ந்துதான் எழுதினார்கள், அவர்கள் மக்களும் அதற்கு ஓட்டுப் போட்டார்கள். ஈராக் ஒரு கூட்டாட்சி என்று ஒப்புக்கொண்டு, தனி நாடாளுமன்றம், தனிப் படை எல்லாம் வாங்கிக்கொண்ட பிறகு பிரிந்து போவதற்கு வாக்கெடுப்பு என்றால் எந்த மத்திய அரசு சும்மா இருக்கும்? அதுவும் கிர்குக் அவர்களின் மூன்று மாகாணங்களுக்குள் வரவே இல்லை. 2014 ஜூனில் மொசூல் நகரம் ஐஎஸ்ஸிடம் விழுந்து ஈராக் ராணுவம் ஓடியபோது அந்தக் காலியிடத்தில் பெஷ்மெர்கா போய் உட்கார்ந்தது. அப்படி வந்த இடத்தையும் சேர்த்து வாக்கெடுப்பு வைத்தது பாக்தாத்தைச் சீண்டியது போலத்தான்.

நூலகத்தான்:
கிர்குக் "அவர்களுக்குள் வரவே இல்லை" என்பதைக் கொஞ்சம் நிறுத்திப் பேசலாம், முழுக் கதையும் அதில்தான் இருக்கிறது.

1970 மார்ச் 11 அன்று குர்துத் தலைவர் முல்லா முஸ்தபா பர்சானிக்கும் பாக்தாத்தின் பாத் கட்சி அரசுக்கும் தன்னாட்சி ஒப்பந்தம் ஆனது. அன்று பாக்தாத் தரப்பில் பேசி முடித்தவர் சதாம் உசேன்தான். குர்து மொழிக்கு ஆட்சிமொழி உரிமை வரை ஒத்துக்கொண்டார்கள். முட்டுக்கட்டை கிர்குக்தான். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடத்தி முடிவு செய்வோம் என்றார்கள், அந்தக் கணக்கெடுப்பு நடக்கவே இல்லை. அதற்குள் தெற்கிலிருந்து அரபுக் குடும்பங்களைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். 1974இல் மறுபடி போர். ஈரானின் மன்னர் ஷாவும் அமெரிக்காவும் பர்சானிக்கு ஆயுதம் கொடுத்தார்கள். 1975 மார்ச் 6 அன்று அல்ஜியர்ஸில் ஷாவும் சதாமும் ஷத் அல் அரபு ஆற்றின் எல்லையைப் பேசி முடித்துக்கொண்டார்கள். ஷா உடனே உதவியை நிறுத்திவிட்டார். சில வாரங்களில் குர்துகளின் போர் முடிந்துபோனது. ஆயிரக்கணக்கானோர் ஈரானுக்கு ஓடினார்கள், பர்சானி கடைசியில் அமெரிக்காவில் 1979இல் இறந்தார். உளவுத்துறையை விசாரித்த அமெரிக்கக் காங்கிரஸின் பைக் குழு அறிக்கை 1976இல் வெளியே கசிந்தபோதுதான் ஒன்று தெரியவந்தது. குர்துகள் ஜெயிக்க வேண்டும் என்று உதவியவர்கள் ஒருபோதும் நினைக்கவில்லை, ஈராக்கின் பலத்தைக் கரைக்கும் அளவுக்கு அவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தால் போதும் என்பதே கணக்கு. இதைப் படித்த அன்று எனக்கு வயிறு எரிந்தது, இன்றும் எரிகிறது.

பிறகு, கிர்குக் போன்ற சர்ச்சைப் பகுதிகளுக்காக எழுதிய 2005 அரசியலமைப்பின் 140ஆவது பிரிவு. வெளியேற்றப்பட்டவர்களைத் திரும்பக் குடியமர்த்து, கணக்கெடு, மக்களிடம் கேள், எல்லாம் 2007 டிசம்பர் 31க்குள் முடிய வேண்டும். முடிந்ததா? சட்டம் பேசுகிற தெற்குவாசல் இந்தப் பிரிவையும் பேச வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள்.

மழைக்காகிதம்:
எனக்கு இந்த விஷயம் அரைகுறையாகத்தான் தெரியும், கேட்கலாம் இல்லையா? செய்தியில் எல்லாம் குர்து என்றால் பிகேகே, ஒஜலான், துருக்கி என்றுதான் வருகிறது. நீங்கள் பேசுவது ஈராக். இரண்டும் ஒரே இயக்கமா?

நூலகத்தான்:
இல்லை. சனம் ஒன்று, இயக்கங்கள் வேறு. பல சமயம் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டவை. துருக்கியில் ஒஜலான் 1978இல் குர்துத் தொழிலாளர் கட்சியான பிகேகேவைத் தொடங்கினார், ஆயுதப் போர் 1984 ஆகஸ்ட் 15இல் ஆரம்பித்தது, ஏறத்தாழ 40 ஆயிரம் உயிர்கள் போயின. 1999இல் அவரை நைரோபியில் பிடித்து இம்ராலி தீவுச் சிறையில் அடைத்தார்கள். அந்தச் சிறையிலிருந்தே 2025 பிப்ரவரியில் அமைப்பைக் கலைக்கச் சொன்னார், மே மாதம் கலைப்பதாக அமைப்பும் அறிவித்தது, ஜூலையில் முப்பது பேர் சுலைமானியா பக்கம் ஒரு மலையடிவாரத்தில் துப்பாக்கிகளைத் தீயில் போட்டார்கள்.

அங்கே சண்டை மொழியிலிருந்தே தொடங்குகிறது. துருக்கி எழுத்துச் சட்டம் 1928இல் வந்தது. குர்து மொழி எழுதத் தேவையான மூன்று ரோமன் எழுத்துகள், 'க்யூ', 'டபிள்யூ', 'எக்ஸ்', அதில் கிடையாது. நவ்ரோஸ் என்ற வசந்த விழாவின் பெயரில், குர்து எழுத்தில் 'டபிள்யூ' வரும், துருக்கி எழுத்தில் 'வி' வரும். அழைப்பிதழில் 'டபிள்யூ' போட்டதற்கே வழக்கு நடந்திருக்கிறது. 2013இல்தான் அந்த எழுத்துகளுக்கு அனுமதி கிடைத்தது. ஈராக்கில் நிலைமை வேறு. அங்கே மொழியை ஒப்புக்கொண்டார்கள், நிலத்தையும் எண்ணெயையும்தான் விடவில்லை.

பழைய துறைமுகம்:
நான் பஸ்ராவில் ஆறு வருஷம் எண்ணெய் வயலில் இருந்தவன். கரிசல்மண் எர்பிலைச் சொன்னார், நான் அந்தப் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன், கோபப்பட வேண்டாம்.

ஈராக்கின் வருமானத்தில் பெரும்பகுதி பஸ்ராவிலிருந்துதான் போகிறது. அந்த ஊரில் குழாயில் வருவது உப்புத் தண்ணீர். 2018 கோடையில் அந்தத் தண்ணீரைக் குடித்து ஆயிரக்கணக்கானோர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், இளைஞர்கள் தெருவில் இறங்கினார்கள். அந்த ஊர்க்காரன் அப்போது கேட்பான்: எங்கள் எண்ணெய்ப் பணத்தில் 17 சதவீதம் வடக்குக்கு, ஆனால் அவர்கள் எண்ணெயைத் துருக்கி வழியாக அவர்களே விற்றுக்கொள்வார்கள், கணக்கு காட்ட மாட்டார்கள், இது என்ன நியாயம்? எங்களோடு வேலை பார்த்த பையன்கள் எல்லாரும் சதாமின் கொடுமையில் சொந்தபந்தங்களை இழந்தவர்கள். 1991இல் குர்துகள் எழுந்த அதே மார்ச் மாதம் தெற்கில் ஷியாக்களும் எழுந்தார்கள், சதாம் கொன்று குவித்தான். வடக்குக்கு மேலே அமெரிக்கக் கூட்டணியின் விமானப் பாதுகாப்பு உடனே கிடைத்தது. தெற்குக்கு அடுத்த வருஷம்தான் வந்தது, அதுவும் தரையில் நடந்ததைத் தடுக்கவில்லை. "அழுதது நாங்களும்தான்" என்பார்கள். பாக்தாத் என்றதும் சதாமின் நிழலை மட்டும் பார்த்தால் இவர்கள் கண்ணில் படவே மாட்டார்கள்.

கரிசல்மண்:
கோபம் எதற்கு, இதைத்தான் எதிர்பார்த்தேன். எர்பிலில் இருந்தவரை பஸ்ரா பற்றி எங்களுக்கு ஒன்றுமே தெரியாது.

ஆனால் காக்காவின் வீட்டைச் சொல்லியாக வேண்டும். ஒருநாள் ஸ்டோரில் பழைய பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார், மடித்த இடமெல்லாம் கிழிந்து டேப் ஒட்டியிருந்தது. தொண்ணூறுகளில், சதாம் ஆட்சியில், கிர்குக்கில் இருந்த குர்துகளுக்கும் துருக்கி மொழி பேசும் துருக்மேன்களுக்கும் "இனத் திருத்தம்" என்று ஒரு படிவம் கொடுத்தார்கள். நான் அரபு, முன்பு தவறாகப் பதிந்துவிட்டார்கள் என்று கையெழுத்துப் போட வேண்டும். போடாதவர்கள் ஊரைவிட்டுப் போக வேண்டும். அவர் அப்பா போடவில்லை. ஒரு லாரி, அதில் ஏறிய அளவுக்குச் சாமான், ரேஷன் அட்டையும் போச்சு. அந்தப் படிவத்தைக் காலியாகவே வைத்திருந்தார் அப்பா. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் ஒரு கோடு மட்டும்.

அந்த ஊருக்கு 2003க்குப் பிறகு திரும்பிப் போய் ரஹீமாவாவில் வீடு கட்டியவர்கள், 2017 அக்டோபர் 16 காலையில் மறுபடி காரில் சாமான் ஏற்றினார்கள். அல்துன் கோப்ரி பாலம் வழியாக எர்பிலுக்கு வந்த வண்டிகளின் வரிசையை நான் பார்த்தேன். காக்கா எதிர்த்திசையில் போனார், அம்மாவைக் கூட்டிவர. இரவு பதினொன்றரைக்கு வந்தார். அம்மா பின் இருக்கையில், மடியில் ஒரு பிரஷர் குக்கர்.

தெற்குவாசல்:
படிக்கும்போது தொண்டை அடைக்கிறது. ஆனால் இதே கிர்குக்கில் அரபுகளுக்கு நடந்ததையும் எழுதத்தான் வேண்டும். 2014க்குப் பிறகு பெஷ்மெர்கா பிடித்த ஊர்களில் அரபு வீடுகள் இடிக்கப்பட்டதை ஆம்னெஸ்டியும் ஹியூமன் ரைட்ஸ் வாட்சும் செயற்கைக்கோள் படங்களோடு எழுதின. 2017 மார்ச்சில் கிர்குக் அரசுக் கட்டடங்களில் குர்திஸ்தான் கொடியை ஏற்றியபோது துருக்மேன் உறுப்பினர்களும் அரபு உறுப்பினர்களும் கூட்டத்தைப் புறக்கணித்தார்கள். ஒரு ஊரில் மூன்று சனம் இருந்தால், ஒரு சனம் மட்டும் கொடி ஏற்றி எப்படி?

கரிசல்மண்:
ஒத்துக்கொள்கிறேன். இடித்தது தவறு, கொடி ஏற்றிய விதமும் தவறு. காக்காவே இடித்ததைத் தவறு என்றுதான் சொல்வார். அவர் அப்பாவுக்கு நடந்தது அடுத்தவனுக்கு நடக்கக்கூடாது என்று சொல்ல அவரைவிட யாருக்கு உரிமை இருக்கிறது?

ஆனால் நான் தொடக்கத்தில் கேட்டதற்கு வருகிறேன். பெஷ்மெர்கா ஏன் விலகியது? பெஷ்மெர்கா என்று ஒரே படை இல்லை என்பதால்தான். எழுபதாம் பிரிவு தலபானிகளின் பியூகே கட்சிக்கு, எண்பதாம் பிரிவு பர்சானிகளின் கேடிபி கட்சிக்கு. எர்பிலிலிருந்து கோயா வழியாகச் சுலைமானியாவுக்கு எத்தனை தடவை போயிருக்கிறேன், பாதியில் சோதனைச்சாவடியில் சீருடையின் சின்னம் மாறும், சுவரில் தலைவர் படம் மாறும். அதுவரை மஞ்சள் கொடி, அப்புறம் பச்சைக் கொடி. ஓட்டுநர் அந்த இடம் வந்ததும் ரேடியோவைக் கூடக் குறைப்பார்.

2017 அக்டோபர் 3 பியூகே தலைவர் ஜலால் தலபானி இறந்தார். கட்சியைக் கட்டிப்போட்டிருந்த கயிறு அவர்தான். அடுத்த பத்துப் பன்னிரண்டு நாட்களில் ஈரானின் தளபதி காசிம் சுலைமானி சுலைமானியாவுக்கு வந்து போனார். பியூகேயின் ஒரு பகுதி பாக்தாத்தோடு பேசி முடித்தது, அவர்களின் படை முக்கியமான இடங்களிலிருந்து விலகியது. மற்றவர்கள் சிலர் நின்று சண்டை போட்டு இறந்தும் போனார்கள், அதை மறக்கக் கூடாது. கேடிபி "துரோகம்" என்றது. பியூகே "ஜெயிக்க முடியாத சண்டையில் பிள்ளைகளைப் பலி கொடுக்கவில்லை" என்றது.

நூலகத்தான்:
இது புதிது இல்லை. 1966லேயே தலபானி கோஷ்டி பாக்தாத்தோடு சேர்ந்து முல்லா முஸ்தபாவை எதிர்த்தது. 1994 முதல் 1998 வரை இரு கட்சிகளும் உள்நாட்டுப் போர் நடத்தின. 1996 ஆகஸ்ட் கடைசியில் பியூகேயை எர்பிலிலிருந்து விரட்ட முல்லா முஸ்தபாவின் மகன் மசூத் பர்சானி யாரை அழைத்தார் தெரியுமா? சதாமின் டாங்கிகளை. ஹலப்ஜாவில் 1988 மார்ச் 16 அன்று விஷவாயுவால் ஏறத்தாழ ஐயாயிரம் பேரைக் கொன்று, அன்ஃபால் என்ற படை நடவடிக்கையில் ஊர் ஊராக அழித்து, குறைந்தது ஐம்பதாயிரம் பேரைக் குழியில் தள்ளிய அதே ராணுவம். குர்துகள் சொல்லும் கணக்கு 1,82,000. எட்டு வருஷம்தான் ஆகியிருந்தது.

அரசாங்கத்துக்காக ஆயுதம் தூக்கும் குர்துகளை அவர்கள் "ஜாஷ்" என்பார்கள், கழுதைக்குட்டி என்று அர்த்தம். ஒவ்வொரு கட்சியும் மற்றதை ஒரு காலத்தில் அப்படித் திட்டியிருக்கிறது. ஆனால் 1991 மார்ச் 5 அன்று ரானியாவில் எழுச்சி தொடங்கியபோது பல்லாயிரம் ஜாஷ்கள் ஒரே வாரத்தில் பக்கம் மாறினார்கள், அவர்கள் இல்லாமல் அந்த எழுச்சி பரவியிருக்காது.

பழைய துறைமுகம்:
சம்பளத்தை யாரும் பேசவில்லையே. 2014 தொடக்கத்தில் பாக்தாத் வடக்கின் பங்கை நிறுத்தியது, கொஞ்ச நாளில் எண்ணெய் விலையும் விழுந்தது. குர்திஸ்தான் அரசின் சம்பளப் பட்டியலில் பன்னிரண்டு லட்சத்துக்கும் மேல் ஆட்கள். கட்சிக்காரன் பிள்ளைக்கெல்லாம் அரசு வேலை. எண்ணெய் ஒன்றை நம்பி, அதுவும் அடுத்த நாட்டுக் குழாயை நம்பி, தனி நாடு எப்படி? துருக்கி வால்வை மூடினால் முடிந்தது. மூடவும் செய்தார்களே, 2023 மார்ச்சில், ஈராக் தொடுத்த வழக்கில் பாரிஸ் நடுவர் மன்றத் தீர்ப்புக்குப் பிறகு துருக்கியின் ஜெய்ஹான் துறைமுகத்துக்குப் போகும் குழாய் இரண்டரை வருஷம் நின்றது, 2025 செப்டம்பரில்தான் திரும்ப ஓடியது.

கரிசல்மண்:
அந்தச் சம்பளக் கஷ்டத்தைக் கண்ணால் பார்த்தேன். எங்கள் கம்பெனிக்கு மாலையில் கணக்கெழுத வந்தவர் பகலில் பள்ளி வாத்தியார். 2016இல் "சம்பளச் சேமிப்பு" என்று பெயர் வைத்துப் பாதிக்கு மேல் பிடித்தார்கள், மீதியும் ஐம்பது நாளுக்கு ஒருமுறை. வாக்கெடுப்பில் அவர் "ஆம்" போட்டார். ஏன் சார், இந்த அரசாங்கத்தை நம்பியா என்று கேட்டேன். "இந்த அரசாங்கத்துக்கு இல்லை, என் அப்பாவுக்கு" என்றார்.

நான் சொல்ல வந்தது இதுதான். அந்த 93 சதவீதம் மசூத் பர்சானிக்குப் போட்ட ஓட்டு கிடையாது. அவருடைய அதிபர் பதவிக்காலம் 2015 ஆகஸ்டில் முடிந்துவிட்டது, பதவியைவிட்டு இறங்கவில்லை. கேள்வி கேட்ட நாடாளுமன்றத்தின் சபாநாயகரை அக்டோபரில் எர்பிலுக்குள் நுழையவே விடவில்லை, சோதனைச்சாவடியில் திருப்பி அனுப்பினார்கள். இரண்டு வருஷம் பூட்டிக் கிடந்த நாடாளுமன்றத்தை வாக்கெடுப்புக்குப் பத்து நாள் முன்னால் திறந்து ஒரு கைதூக்கல், அவ்வளவுதான். மக்களின் கேள்வி நியாயமானது. அதைக் கேட்ட தலைமை தன் வீட்டையே ஒழுங்காக வைத்திருக்கவில்லை. இரண்டு படையை ஒரு படையாக்க இருபத்தைந்து வருஷம் கிடைத்தது, ஆக்கவில்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்கள், அந்தத் தாழியில் விரிசல் 1994லேயே விழுந்துவிட்டது. அதனால்தான் வாக்கெடுப்பை மட்டும் குற்றம் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

மழைக்காகிதம்:
நீங்கள் அப்போது ஊருக்கு எப்படி வந்தீர்கள்? விமான நிலையத்தை மூடினார்கள் என்று படித்தேன்.

கரிசல்மண்:
செப்டம்பர் 29 மாலை ஆறு மணியோடு எர்பில், சுலைமானியா இரண்டிலும் வெளிநாட்டு விமானங்களைப் பாக்தாத் நிறுத்தியது. 2018 மார்ச் வரை அப்படியே. எனக்கு டிசம்பரில் லீவு. எர்பிலில் போட்ட விசா பாக்தாத்தில் செல்லாது என்று சொல்லி ஒரு மாதம் அலைக்கழித்தார்கள், கடைசியில் பாக்தாத் போய் அங்கிருந்து பறந்தேன்.

அந்த விமான நிலையத்தோடு நமக்கும் ஒரு ஞாபகம் உண்டு. 2014 ஜூலையில் ஐஎஸ் பிடியிலிருந்து விடுபட்ட 46 நர்சுகளும் எர்பிலிலிருந்துதான் கொச்சிக்குப் பறந்தார்கள், அதில் ஒருவர் தூத்துக்குடிக்காரர். பெஷ்மெர்கா காவலில் இருந்த ஊர் என்பதால்தான் அங்கே விமானம் இறங்க முடிந்தது.

தெற்குவாசல்:
சரி, வாக்கெடுப்பு மட்டுமே காரணம் இல்லை என்பதை ஏற்கிறேன். 140ஆவது பிரிவை விட்டுவிட்டுப் பேசியது என் தவறுதான். ஆனால் இப்போதாவது இரு கட்சியும் திருந்தியதா?

நூலகத்தான்:
2024 ஆகஸ்டில் கிர்குக் ஆளுநர் பதவி பியூகேக்குக் கிடைத்தது. எப்படி என்று பாருங்கள், பாக்தாத்தில் ஒரு ஓட்டலில் கூடி, கேடிபி இல்லாமல், அரபு உறுப்பினர்கள் சிலரோடு சேர்ந்து. அக்டோபரில் குர்திஸ்தான் தேர்தல் நடந்தது, நூறு இடத்தில் கேடிபி 39, பியூகே 23, ஒரு வருஷம் தாண்டியும் அமைச்சரவை அமைக்க முடியவில்லை. நல்ல செய்தி என்றால் ஒன்று, 2025 ஏப்ரலில் ஹலப்ஜாவைத் தனி மாகாணமாக ஈராக் நாடாளுமன்றம் ஏற்றது.

மழைக்காகிதம்:
காக்கா இப்போது எங்கே இருக்கிறார்?

கரிசல்மண்:
எர்பிலில்தான். அம்மா 2018 கடைசியில் பிடிவாதமாகக் கிர்குக்குக்கே திரும்பிவிட்டார்கள். 2024 நவம்பர் 20, 21 இரண்டு நாளும் ஈராக் முழுக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, ஊரடங்கு போட்டு நடத்தினார்கள். முதல் நாள் இரவே காக்கா பிள்ளைகுட்டிகளோடு கிர்குக் போய்விட்டார், அம்மா வீட்டில் எண்ணப்பட வேண்டும் என்று. அவரைப் போல நிறையப் பேர் போனார்கள், அதற்கு அரபுகளும் துருக்மேன்களும் சத்தம் போட்டார்கள் என்பதும் உண்மை. பத்துப் பதினைந்து பேர் ஒரே அறையில் பாய் விரித்துப் படுத்தார்களாம். காலையில் டேப்லெட்டோடு ஒரு பெண் வந்து நிறையக் கேள்வி கேட்டிருக்கிறாள். வீட்டில் எத்தனை பேர், என்ன படிப்பு, பிரிட்ஜ் இருக்கிறதா, கார் இருக்கிறதா. எல்லாம் முடிந்ததும் அம்மா அந்தப் பழைய பிளாஸ்டிக் உறையை நீட்டினார்களாம். நாங்கள் குர்துகள், எழுதிக்கொள் என்று. அந்தக் கேள்வி இந்தத் தடவை பட்டியலில் இல்லை பாட்டி என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள்.